போன் கடையின் சாவி யார் கையில்?



சாமையும் தினையும் நம் கொல்லிமலைக்குப் புதுசு இல்லை. மரவள்ளி பரவியபோது சிறுதானியக் காடுகள் சுருங்கின. ஆனாலும் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, இங்குள்ள குழுப் பெண்கள் சாமை அரிசி, தினை மாவு, ராகி மால்ட் தயாரித்து விற்கக் கற்றார்கள். உரலில் குத்தும் கஷ்டத்தை அரவை இயந்திரம் குறைத்தது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று டவுன்காரர்கள் போனிலேயே சாமை கேட்கிறார்கள். நாமும் போனில் கடை திறக்கலாம். அதற்கு முன் ஒரு சம்பவம்.

ஒரு குழுவில் உறுப்பினர் ஒருவரின் மகன் தன் வாட்ஸ்அப்பில் மிளகு, சாமை படம் போட்டார். வல்வில் ஓரி விழாவுக்கு வந்து வாங்கிப் போனவர்கள் மறுபடியும் ஆர்டர் கொடுத்தார்கள். பணம் தம்பியின் கணக்கில் வந்தது. நல்ல பிள்ளை, பைசா குறையாமல் குழுவில் கொடுத்தார். பிறகு வேலைக்காகக் கோயம்புத்தூர் போனார். ஆர்டரும் அவரோடு மலை இறங்கிவிட்டது. "வாங்கினவங்க பேரு, நம்பர்கூட எங்ககிட்ட இல்லீங்க" என்று அந்த அம்மா நம்மிடம் சொன்னாங்க.

தம்பி மேல் தப்பு இல்லை. கடைச் சாவியை நாம் கையில் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஆரம்பத்திலேயே இவற்றைச் செய்வோம்.

1. எண்: குழுவுக்கென்று தனி சிம் வாங்குங்கள். யார் பெயரில் வாங்கினாலும் "இது குழுவின் எண்" என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஊக்குநர் மாறினால் கணக்கு நோட்டோடு சிம்மும் மாற வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட நாள் விட்டால் எண் வேறு யாருக்காவது போய்விடும்.

2. கடை: 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலி இலவசம். அதில் 'கேட்லாக்' என்ற பகுதியில் பொருளின் படம், எடை, விலை போட்டு வைக்கலாம். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பொட்டல லேபிளில் தயாரித்த நாளும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் தெரியட்டும்.

3. பணம்: குழுவின் வங்கிக் கணக்குக்கே கியூஆர் அட்டை கிடைக்குமா என்று கிளையில் கேளுங்கள். கிடைக்கும்வரை கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் கொடுத்தால் போதும்.

4. நோட்டு: ஆர்டர் தந்தவர் பெயர், எண், பொருள், அனுப்பிய நாள், வந்த பணம் எல்லாவற்றையும் ஒரு நோட்டிலும் எழுதுங்கள். போன் தொலைந்தாலும் வாடிக்கையாளர் தொலைய மாட்டார்.

5. இரண்டு பேர்: குறைந்தது இரண்டு உறுப்பினர்களாவது செயலியை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் சொல்லித் தரட்டும், விரல் நம்முடையதாக இருக்கட்டும்.

ஏமாற வேண்டாம்

"பணம் அனுப்பறேன், பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்பும்போதுதான் தேவை. ஓ.டி.பி. எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதேன்னு தயங்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் பேசியே பதில் அனுப்பலாம். வங்கிச் சீட்டில் கைநாட்டு வைத்து ஆரம்பித்தவர்கள்தானே நம்மில் பலர்?

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் பொருளுக்கு ஆர்டர் இப்போது யார் எண்ணுக்கு வருகிறது?
• பணம் யார் கணக்கில் சேருகிறது?
• செயலியைக் கற்கப்போகும் இரண்டு பேர் யார்?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். கள வருகையின்போது நாமும் சேர்ந்து பார்ப்போம்.