பந்தயக் காரின் டயரில் பள்ளம் ஏன் இல்லை?

எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்திக்கொண்டிருந்தேன். டயரில் உள்ள பள்ளங்கள்தான் சாலையைப் பிடித்துக்கொள்கின்றன என்று ஆண்டுதோறும் சொல்வதையே அன்றும் சொன்னேன். கடைசி பெஞ்சு மாணவன் எழுந்தான். "சார், டிவியில ரேஸ் கார் டயர் மொழுமொழுன்னு இருக்கே, வழுக்காதா?" "அது வேற வகை, உட்காரு" என்றேன். அதன்பின் இரண்டு வாரம் அவன் கேள்வியே கேட்கவில்லை.

அது உறுத்தியதால் தேடிப் படித்தேன். தவறு என்னுடையதுதான். உலர்ந்த சாலையில் பிடிமானம் தருவது ரப்பர்; பள்ளம் அல்ல. மழைநீரை வெளியேற்றுவதே பள்ளத்தின் வேலை. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1998 முதல் 2008 வரை உலர் டயர்களிலும் பள்ளங்களைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். எதற்கு? பிடிமானத்தைக் குறைத்து, வளைவுகளில் வேகத்தைக் கட்டுப்படுத்த! 2009இல் மொழுமொழு டயர் திரும்பி வந்தது. உராய்வு தொடுபரப்பைச் சார்ந்ததல்ல என்று மேல்வகுப்பில் சொல்கிறோமே, ரப்பர் அந்த விதிக்கு முழுமையாக அடங்குவதில்லை.

அந்த ரப்பரையும் பக்குவப்படுத்த வேண்டும். குளிர்ந்த ரப்பர் விறைப்பாக இருக்கும். சூடானால் இளகி, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமிழ்ந்து ஒட்டும். அதனால் ஃபார்முலா ஒன்னில் டயர்களுக்கு மின்போர்வை சுற்றி, சுமார் 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய பிறகே காரில் மாட்டுகிறார்கள். பந்தயம் தொடங்கும் முன் ஓட்டுநர்கள் காரை இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டுவது வேடிக்கைக்கல்ல. டயரின் சூடு ஆறாமல் இருக்கத்தான். நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயத்தில், புறப்படும் முன் பின்சக்கரங்களைப் புகை கிளம்பச் சுழற்றுவார்கள். ரப்பர் சூடேறும், ஒட்டிய தூசியும் போகும். சூடு மிஞ்சினால் டயரில் கொப்புளம் கிளம்பிப் பிடிமானம் கெடும். சிறிய பந்தயங்களில் சிலர் ரப்பரை இளக்க வேதிப்பொருள் பூசுவதுண்டு. பல பந்தயங்களில் அதற்குத் தடை இருக்கிறது. வகுப்பில் அதைச் செய்து பார்க்கவும் வேண்டாம்.

மறுவாரம் வகுப்பில் என் தவறை ஒப்புக்கொண்டேன். பழைய ரப்பர் செருப்பின் மேல் செங்கல் வைத்து, சுருள்வில் தராசால் சிமெண்டுத் தரையில் இழுத்தோம். முதலில் அடிப்பகுதியில் சாக்குத்தூள் தடவி. பிறகு நன்றாகத் துடைத்து. தராசைப் பிடித்தவன் அதே கடைசி பெஞ்சு மாணவன். துடைத்தபின் செருப்பை நகர்த்த அதிக விசை தேவைப்பட்டதை அவனே கரும்பலகையில் எழுதினான்.

அப்போது ஒரு மாணவி, "அப்படின்னா எங்கப்பா வண்டியில தேஞ்ச டயர் நல்லதுதானே சார்?" என்றாள். திக்கென்றது. நல்லவேளை, கேட்டாள். தேய்ந்த டயர் பந்தய டயர் ஆகாது. அதன் ரப்பர் நாள்பட்டு இறுகியிருக்கும். மழையில் நீர் வெளியேற வழியின்றி, டயருக்கும் சாலைக்கும் இடையே படலமாக நிற்கும். பிரேக் பிடித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். பந்தயத்திலேயே மழை வந்தால் பள்ளமுள்ள டயருக்கு மாற்றுகிறார்கள் என்று சொன்னேன்.

மறுநாள் அவள் அப்பாவின் வண்டி டயரில் பள்ளத்தின் ஆழத்தை அளவுகோலால் அளந்து வந்திருந்தாள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.