முதல் தாதி வேலை: மொத்தத்தைப் பார்க்காதீங்க, அடிப்படையைப் பாருங்க

கம்போங் மேடான் வகுப்புக்கு வரும் தங்கச்சிகளில் சிலர் மூன்று வருஷ தாதியர் டிப்ளோமாவை முடிக்கப் போறாங்க. அவங்களுக்காக இந்தப் பாடம்.

அரசாங்க மருத்துவமனையில் சம்பளப் படிநிலை ஏற்கெனவே முடிவானது, பேச இடமில்லை. தனியார் மருத்துவமனையில்தான் பேசலாம். ஆனா நம்ம வீட்டில் என்ன சொல்வாங்க? "கிடைச்சதே பெரிசு, வாயை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடு." தாதி வேலை சேவையாச்சே, காசு கேட்கலாமா என்றும் ஒரு தயக்கம். திருக்குறளில் பொருள் செயல்வகை என்று ஒரு தனி அதிகாரமே, 76-வது, இருக்கு. நியாயமா சம்பாதிப்பதை நம்ம பெரியவங்க கேவலமா நினைக்கல.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு உதாரணம்: இரண்டு ஆஃபர், இரண்டுமே மொத்தம் 2,800 வெள்ளி. முதலாவதில் அடிப்படைச் சம்பளம் 2,200, போக்குவரத்து அலவன்ஸ் 600. இரண்டாவதில் அடிப்படை 2,600, அலவன்ஸ் 200. எது நல்லது?

போக்குவரத்து அலவன்சுக்கு இ.பி.எஃப். கிடையாது. 5,000 வெள்ளி வரை சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு போடணும். முதல் ஆஃபரில் அது 286, இரண்டாவதில் 338. மாதம் 52 வெள்ளி வித்தியாசம், வருஷத்துக்கு 624.

அடுத்து ஓவர்டைம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, அதை 8 மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரையால் பெருக்குங்க. முதலாவதில் மணிக்கு 15.87, இரண்டாவதில் 18.75. இங்கேயும் போக்குவரத்து அலவன்ஸ் சேராது. வார்டில் ஆள் பத்தாத மாதத்தில் 20 மணி நேரம் கூடுதலா நின்னா, 57 வெள்ளிக்கு மேல் போயிடும். 1955 வேலைச் சட்டப்படி மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாத சம்பளக்காரங்களுக்கு இந்த ஓவர்டைம் உரிமை உண்டு.

ஆனா ஒன்று கவனிங்க. நம்ம பங்கு 11 விழுக்காட்டைக் கழித்தா, கைக்கு வருவது முதல் ஆஃபரில்தான் 44 வெள்ளி கூட! அதான் ஆளை ஏமாத்துது. போனஸ், வருஷாந்திர உயர்வு எல்லாம் பெரும்பாலும் அடிப்படையை வைத்துத்தான் போடுவாங்க.

எப்போ கேட்கணும்? வேலை தர்றோம்னு சொன்ன பிறகு, கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்னே. "மேடம், வேலைக்கு ரொம்ப நன்றி. மொத்தம் அப்படியே இருக்கட்டும், அலவன்சில் கொஞ்சத்தை அடிப்படையில் சேர்க்க முடியுங்களா?" என்று மரியாதையா கேளுங்க. முடியாதுன்னா, ஒரு நைட் ஷிப்டுக்கு எவ்வளவு, மலேசியத் தாதியர் வாரியப் பதிவு கிடைச்ச பிறகு சம்பளம் மாறுமா என்று கேளுங்க. பதிலை எழுத்தில் வாங்குங்க. வாய்ப் பேச்சு அந்த ஆள் மாறும்வரைதான்.

மருத்துவமனையே படிக்கவைத்திருந்தா பாண்ட் இருக்கும். சம்பளம் பேசும் வாய்ப்பு குறைவு. அப்போ வேற கேள்வி: எத்தனை வருஷம்? எந்த நாளிலிருந்து எண்ணுவாங்க? பாதியில் விலகினா முழுத் தொகையா, மிச்ச காலத்துக்கு மட்டுமா? ஜாமீன் கையெழுத்துப் போட்டது அப்பாவா மாமாவா? அவங்களையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கடிதத்தை ஒரு தடவை முழுசா படிங்க.