விரல் நசுங்கினால் நீவலாமா?

கேள்வி: பல்பொருள் அங்காடியில் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் ஐஸ்கிரீம் ஃப்ரீஸரை மூன்று பேராக நகர்த்தியபோது, அதற்கும் கதவு நிலைக்கும் இடையில் என் வலது கை சிக்கிக்கொண்டது. வீக்கம் வற்றவில்லை, மோதிர விரலின் நுனியை மடக்க முடியவில்லை. வெறும் சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்கிறார்கள். லீவு போட்டால் சம்பளம் போய்விடுமே என்றும் தயங்குகிறேன்.
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கைகளை நம்பியே ஜீவனம் நடத்தும் நீங்கள், சம்பளத்துக்கு அஞ்சி அந்தக் கையின் காயத்தையே ஒத்திப்போடலாகாது, இன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அதுவரை யாரையும் நீவ விடாதீர்கள். விரல் நுனியை மடக்குவது, முன்கைத் தசையிலிருந்து புறப்பட்டு உள்ளங்கை வழியாக ஓடி நுனி எலும்பைப் பற்றும் ஒரு தசைநாண். அது அறுந்தோ எலும்பிலிருந்து பெயர்ந்தோ போயிருந்தால், தோலில் ஒரு கீறலும் இல்லாதபோதும் விரல் மடங்காது. அறுந்த நாண் பின்வாங்கிச் சுருங்கும் சுபாவமுடையதாகையால், வாரங்கள் கடந்தபின் அதை இழுத்துப் பிணைப்பது தேர்ந்த நிபுணருக்கும் சிரமசாத்தியமே. நீவுவதோ, விரிசலாக மட்டும் இருந்த எலும்பை விலகச் செய்து, உள்ளே இரத்தக் கசிவையும் அதிகப்படுத்தும். உங்கள் பகுதிக்கு அருகிலேயே அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கை சிகிச்சைக்கென்று விசேஷப் பிரிவு இருக்கிறது.

மற்றவர்களும் அறிய வேண்டியது: கை நசுங்கியவுடன், வீக்கம் ஏறுமுன் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, துணியில் சுற்றிய ஐஸை வைத்து, கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்திப் பிடிக்க வேண்டும்; காயத்துக்கு மீறிய வலி, மரத்துப்போதல், விரல் வெளிறுதல், பிறர் விரலை நீட்டினால் துடிக்கும் வேதனை ஆகியவை தோன்றினால், வீக்கம் இரத்த ஓட்டத்தை அடைக்கிறது என்று கொண்டு, ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

சம்பளத்தைப் பற்றிய பயமும் முழுவதும் நியாயமானதன்று. உங்கள் கடையில் 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரிந்து, உங்கள் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், நீங்கள் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டின் பாதுகாப்புக்கு உரியவர், வேலையில் நேர்ந்த காயத்துக்குச் சிகிச்சையோடு, வேலைக்கு வர இயலாத காலத்துக்கு ஊதியத்தில் சுமார் 90 சதவிகிதமும் கிடைக்கும். ஆகவே விபத்தை இன்றே கடையின் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.

பெரும்பாலும் கை சிக்குவது, பாரத்தை வாசலில் திருப்பும்போதும் கீழே இறக்கும்போதுமே. பின்னால் தள்ளுகிறவருக்கு முன்னால் இருப்பவரின் விரல் தெரிவதில்லை. ஆகவே நகர்த்துமுன் ஃப்ரீஸரிலுள்ள சரக்கை இறக்கி, அதன் கதவைக் கட்டி, வாசலின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பெட்டியின் பக்க விளிம்பைப் பற்றாமல், உள்ளங்கையைப் பின்புறப் பரப்பில் பதித்துத் தள்ளுங்கள். 'தள்ளு', 'நில்' என்று சொல்பவர் ஒருவராகவே இருக்கட்டும். பெட்டி சரிந்தால் பிடிக்கப் போகாமல் விலகிவிடுங்கள்.

கடை முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: பாரம் ஏற்றும் டிராலியையும் பட்டையையும் இந்த வாரமே வாங்கி வையுங்கள், அவை வந்து சேரும்வரை ஃப்ரீஸரை இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள்.