கான் சாகிப்பும் தங்கப் பதக்கமும்

கோலியர்ஸ் வுட் பக்கத்தில் நெல்சன் குரோவ் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. கடற்படைத் தளபதி நெல்சன் 1801இல் இந்தப் பகுதியில்தான் வீடு வாங்கினார். மதுரையிலும் ஒரு படைத்தலைவரின் பெயரில் தெரு உண்டு. அது கான்சாமேட்டுத் தெரு. யார் அந்தக் கான்சா?

அவருடைய முதல் பெயர் மருதநாயகம். இராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூரில் பிறந்தார். பிறகு இஸ்லாம் மதத்தில் சேர்ந்து யூசுப் கான் ஆனார். மக்கள் அவரைக் கான் சாகிப் என்று அழைத்தார்கள்.

அப்போது ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் போட்டியிட்டார்கள். சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரர் உதவினர். முகமது அலிக்கு ஆங்கிலேயர் உதவினர். ஒரே நாட்டு மக்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து போரிட்டார்கள். இதுவே உள்நாட்டுப் போர்.

யூசுப் கான் ஆங்கிலேயரின் கம்பெனிப் படையில் சேர்ந்தார். திருச்சி முற்றுகையின்போது, உணவு வண்டிகளைப் பாதுகாத்துக் கொண்டுவந்தார். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1758இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைச் சூழ்ந்தனர். யூசுப் கான் சிப்பாய்களோடும் குதிரைவீரர்களோடும் வெளியே இருந்து அவர்களைத் தாக்கினார். 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை திரும்பிப் போனது.

பிறகு அவர் மதுரையை ஆண்டார். நவாப் முகமது அலிக்குப் பணிய மறுத்தார். 1763இல் நவாபும் ஆங்கிலேயரும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டனர். கடைசியில் உடன் இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

பேசுவோம்

பேத்தி: தாத்தா, மெடல் குடுத்தவங்களே அவரக் கொல்ல விட்டாங்களா?

தாத்தா: ஆமாம்மா. சொன்னதச் செஞ்ச வரைக்கும் வீரன்னாங்க. மாட்டேன்னதும் துரோகின்னுட்டாங்க.

பேத்தி: அப்போ அவரு நல்லவருதானே?

தாத்தா: அவசரப்படாத. நெற்கட்டும்செவல் பூலித்தேவன் கம்பெனிக்குப் பணிய மறுத்தாரு. அவர எதிர்த்துச் சண்டை போட்டதும் இதே யூசுப் கான்தான்.

பேத்தி: ஐயோ! அப்புறம் அவரே பணிய மாட்டேன்னாரா?

தாத்தா: ஆமா. ரெண்டையும் சேத்து யோசிச்சுப் பாரு.

சொற்பொருள்

சீமை – நாட்டுப் பகுதி
முற்றுகை – கோட்டையைச் சுற்றி வளைத்தல்
பணிய – அடங்கி நடக்க
துரோகி – நம்பியவரை ஏமாற்றுபவர்

பயிற்சி

1. யூசுப் கானுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தவர்கள் யார்?
2. எழுத்துத் தமிழில் மாற்றுக: குடுத்தவங்க, செஞ்ச, சேத்து.
3. உங்கள் வீட்டின் அருகே யார் பெயரில் தெரு உள்ளது? அவர் என்ன செய்தார்? ஐந்து வரி எழுதுக.