கையடக்கக் கணினியும் கம்பியில்லா இணையமும்

அறிவியலின் பயனை நாம் நாள்தோறும் துய்க்கிறோம். ஆனால் அது இயங்கும் முறையை அறிய முயல்வதில்லை. இதற்கு நானே சான்று.

உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். வருமானச் சான்றிதழ் அன்று காலையில்தான் கைக்கு வந்தது. இரவல் டேப்லெட்டில் அதைப் படமெடுத்து, பேருந்தில் போகும்போதே அனுப்பிவிடலாமென எண்ணினேன். ‘கம்பியில்லா இணையந்தானே, எங்கும் கிடைக்கும்’ என்பது என் நினைப்பு. பேருந்தில் இணைப்பே இல்லை. பக்கத்து இருக்கை அம்மையார் ஒருவர் தம் கைப்பேசியிலிருந்து இணைப்புத் தந்திராவிடில் என் விண்ணப்பம் போயிருக்காது. அன்று விளங்காதது பின்னர்ப் படித்து விளங்கியது. அதனை நண்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைஃபை

கம்பியின்றிக் கணினிகளை இணைக்கும் முயற்சி புதிதன்று. 1971-ஆம் ஆண்டிலேயே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளிடையே வானொலி அலைகளால் கணினிச் செய்திகளை அனுப்பினர். இன்றைய வைஃபைக்கு அடிப்படையான தர விதிகள் 1997-இல் வெளிவந்தன. அப்போதைய உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் வந்த தர விதிகளுள் ஒன்றில் அது 11 ஆயிற்று.

வைஃபைப் பெட்டியின் அலைகள் கட்டடத்திற்குள் சில பத்து மீட்டர் தொலைவே நன்கு எட்டும். சுவர்கள் அதனையும் குறைக்கும். அப்பெட்டிக்கு இணையம் பெரும்பாலும் கம்பி வழியாகவே வருகிறது. எனவே கம்பி ஒழிந்துவிடவில்லை. சுவர் வரை வந்து நின்றுவிடுகிறது, அவ்வளவே!

கைப்பேசி வலை

ஓடும் பேருந்தில் உதவுவது வேறொரு முறை. நிலப்பரப்பு சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, அலைக்கோபுரங்கள் நிறுவப்பட்டுள்ளன. நாம் நகர நகர, ஒரு கோபுரம் நம் இணைப்பை அடுத்ததனிடம் ஒப்படைக்கிறது. இவ்வசதியைப் பெற, கருவியில் சிம் வசதி வேண்டும். 2005-இல் வந்த நோக்கியா 770-இல் அது இல்லை. வைஃபையும் புளூடூத்தும் மட்டுமே இருந்தன. 2010-இல் வந்த முதல் ஐபேடிலும் வைஃபை மட்டும் உள்ளது, கைப்பேசி வலையும் சேர்ந்தது என இருவகை இருந்தன. நான் வைத்திருந்தது முதல் வகைக் கருவி.

அம்மையார் செய்தது ஹாட்ஸ்பாட். கைப்பேசி கோபுரத்திடமிருந்து இணையத்தைப் பெற்று, தானே ஒரு சிறு வைஃபைப் பெட்டியாகி நமக்கு வழங்குகிறது. செலவாகும் டேட்டா கைப்பேசிக்காரருடையது. மின்கலமும் விரைவில் தீரும். ஆகவே படம் பார்க்க அதனைக் கேட்பது முறையன்று.

முடிவாக

டேப்லெட் வாங்குமுன் சிம் வசதி உண்டா எனப் பாருங்கள். இல்லையெனில், படிக்க வேண்டியவற்றைப் புறப்படுமுன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்து வைஃபையில் வங்கிக் கணக்குகளைத் திறவாதிருத்தல் நலம்; தெரிந்த பெயரில் வேறொருவர் வலை விரித்திருக்கக்கூடும். எல்லாவற்றிற்கும் மேலாக, விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கென வைக்காதீர்கள். எல்லாப் பேருந்திலும் அவ்வம்மையார் வரமாட்டார்!