அழுத்தினால் மின்சாரம் தரும் நூல்

கேஸ் அடுப்பு லைட்டரை அழுத்தியதும் ‘டக்’ என்று பொறி பறக்கிறதே, அதற்குள் பாட்டரி ஏதும் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே இருப்பது ஒரு சிறு பீங்கான் துண்டு. அதன்மேல் விழும் அடியே மின்சாரமாகிறது. இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். 1880-ல் பிரான்சு தேசத்தில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் படிகங்களில் இதைக் கண்டறிந்தார்கள். நம் எலும்பிலும் இது உண்டு. 1957-ல் ஜப்பானியரான ஃபுகாடாவும் எலும்பு மருத்துவர் யாசுதாவும் அதை அளந்து காட்டினார்கள்.

பீங்கான் உடையும், துணியாக நெய்ய முடியாது. 1969-ல் ஜப்பானில் கவாய் என்பவர், பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக்கிலும் இக்குணம் வலுவாக வரும் என்று கண்டார். குவார்ட்ஸ் படிகத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு; லைட்டர் பீங்கானைவிடக் குறைவுதான். ஆனால் இது வளையும்.

இதிலிருந்து நூல் எடுப்பது எப்படி? இந்தப் பிளாஸ்டிக்கின் சங்கிலியில் ஹைட்ரஜனும் ஃப்ளூரினும் உள்ளன. ஒன்று நேர்மின் பக்கம், மற்றது எதிர்மின் பக்கம். சுமார் 170 டிகிரியில் உருக்கி, சிறு துளை வழியே பிதுக்கி ஆறவிட்டால், சங்கிலிகள் எதிரும் புதிருமாக அமைந்து ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடும். எதிரெதிராகப் பூட்டிய மாடுகளைப் போல! ஆகவே நூலை மிதமான சூட்டில் நான்கைந்து மடங்கு நீளத்திற்கு இழுக்கிறார்கள். சங்கிலிகள் நிமிர்ந்து, ஃப்ளூரின் எல்லாம் ஒரு பக்கமாகத் திரும்புகின்றன. பின்பு பலத்த மின்புலத்தில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே திசைக்குத் திருப்புகிறார்கள்.

இன்னொரு முறை மின்நூற்பு. 1934-லேயே ஃபார்மால்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஊசிக்குழாயில் ஏற்றி, ஊசிக்குப் பத்து முதல் இருபதாயிரம் வோல்ட் கொடுக்கிறார்கள். நுனியில் தொங்கும் துளி கூம்பாகி, அதிலிருந்து மெல்லிய தாரை பாய்ந்து சாட்டைபோல் சுழலும். கரைப்பான் ஆவியாகிவிட, தலைமுடியில் நூற்றில் ஒரு பங்கு பருமனுள்ள இழைகள் உருளையில் படிகின்றன. இழுத்தலும் மின்புலமும் ஒரே வேளையில் நடப்பதே இதன் சிறப்பு. இதைப் புகழ்வோர் எளிதில் சொல்லாத ஒன்றும் உண்டு: வழக்கமாகப் பயன்படும் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பான் ஈரலைக் கெடுக்கக்கூடியது. புகைபோக்கிப் பெட்டிக்குள்ளேதான் வேலை செய்ய வேண்டும்.

பயன் என்ன? 2018-ல் சுவீடனில் இத்தகைய நூலால் நெய்த தோள்பட்டை வார், நடக்கும்போது நான்கு மைக்ரோவாட் அளவுக்கு மின்சாரம் தந்தது. விளக்கெரியாது; சிறு உணர்கருவிக்கு ஆகும். உடலில் கரைந்துபோகும் பாலிலாக்டிக் அமில இழைகளுக்கும் இக்குணம் சிறிது உண்டு. 2022-ல் அமெரிக்காவில், அவ்விழைகளை முயல்களின் மூட்டில் வைத்து ஓடவிட்டபோது குருத்தெலும்பு வளர்ந்ததாக ஆய்வாளர் வெளியிட்டனர். மனிதருக்கு வர இன்னும் நெடுந்தூரம்.

நம்மைப் போன்ற மருத்துவமனைகளுக்கு நெருங்கியது உணர்விழந்த பாதம். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் பாதம் புண்ணாவது சதை கெட்டதால் அல்ல, வலி தெரியாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதால் என்று காட்டினார். சர்க்கரை வியாதியிலும் இதே கதைதான். காலணியின் உள்ளட்டையில் இந்த நூலைப் பதித்தால், ஒவ்வோர் அடியிலும் எங்கே அழுத்தம் விழுகிறது என்று சொல்லுமே!

சொல்லும், ஆனால் பாதிதான். அழுத்தம் மாறும்போது மட்டுமே மின்சாரம் பிறக்கிறது. ஒருவர் வரிசையில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால் நூல் மௌனமாகிவிடும். பாதச் சூட்டிலும் அது மின்சாரம் தரும். அதைப் பிரித்தறிய வேண்டும். வியர்வை பட்டு மின்முனைகளும் கெடலாம்.

இவையெல்லாம் தீர்ந்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. டாக்டர் பிராண்ட் பின்னாளில் அமெரிக்காவில், கையுறையிலும் காலணியிலும் உணர்கருவி வைத்துச் செயற்கை வலி உண்டாக்க முயன்றார். ஒலியும் ஒளியும் எச்சரித்தன. நோயாளிகள் அசட்டை செய்தார்கள். மின் அதிர்ச்சி கொடுத்தபோது, வேலை முடியும்வரை கருவியை நிறுத்திவைத்தார்கள்! அந்த முயற்சியை அவர் கைவிட்டார். மென்மையான உள்ளட்டையுள்ள செருப்பும், மாலைதோறும் பாதத்தைத் தொட்டுச் சூடான இடம் தேடும் கையும்தான் இன்றைக்கும் முதல் சிகிச்சை.