17 நாள் கழித்து வந்த புகார்



நம்மில் நிறைய பேர் கையில் இப்போது பழைய கணினிப் பாகங்கள் இருக்கின்றன. கேமிங் பிசி கட்டுவோம், இரண்டு வருடத்தில் கலைப்போம், முகநூல் குழுவிலோ கெரோசலிலோ போட்டு விற்போம். விற்கிற வரைக்கும் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். விற்ற பிறகு வாங்கியவர் புகாரோடு வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு நடந்ததை வைத்து எழுதுகிறேன். இதில் நான் செய்த தப்பும் இருக்கிறது.

போன செமஸ்டர் முடிவில் என்னுடைய ரைசன் 5 3600 பிராசசரையும் அது உட்கார்ந்திருந்த பி450 மதர்போர்டையும் சேர்த்து 480 வெள்ளிக்கு விற்றேன். தொழிற்பயிற்சிக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும், வாடகை அறைக்கு முன்பணம் கட்ட வேண்டும், அதனால் அவசரம். விளம்பரத்தில் "2 வருடம் நானே பயன்படுத்தியது, 100% ஓகே, டெஸ்ட் பண்ணியாச்சு" என்று போட்டேன். தைப்பிங்கிலிருந்து ஓர் அண்ணன் எடுத்துக்கொண்டார். படிவம் ஐந்து படிக்கும் மகனுக்குக் கணினி கட்டித் தரப் போவதாகச் சொன்னார். பேரம்கூட பேசவில்லை. கொரியரில் அனுப்பினேன், காசு வந்தது, அறைக்குக் கட்டிவிட்டேன். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பொருள் போய்ச் சேர்ந்து 17-ஆம் நாள் புலனத்தில் செய்தி வந்தது. "தம்பி, ஒரு பக்க ரேம் ஸ்லாட் வேலை செய்யல. கடைக்காரப் பையன் பார்த்துட்டு பின் வளைஞ்சிருக்குமோன்னு சொல்றான். காசை திருப்பிக் கொடுங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. 17 நாள்! கையில் பொருள் இருந்த காலத்தில் யார் என்ன செய்தார்களோ. "நான் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பினேன் அண்ணே, இவ்வளவு நாள் கழிச்சு வந்து கேட்டா நான் என்ன செய்ய முடியும்?" என்று உடனே தட்டி அனுப்பிவிட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அன்று இரவு அம்மாவிடம் போனில் புலம்பினேன். அம்மா தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுத்துச் செய்கிறவர், வாடிக்கையாளர் புகாரெல்லாம் அவருக்குப் பழக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீ எல்லாத்தையும் முழுசா பார்த்துட்டுத்தான் அனுப்புனியாடா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. ஏனென்றால் என்னுடைய இரண்டு ரேமையும் அதற்கு முன்பே தனியாக விற்றுவிட்டேன். கடைசி டெஸ்ட்டை அறைத் தோழனின் ஒரே ஒரு 8 ஜிபி ரேமைக் கடன் வாங்கி, ஒரே ஒரு ஸ்லாட்டில் போட்டுத்தான் செய்தேன். விண்டோஸ் வந்தது, சந்தோஷமாக அணைத்துவிட்டேன். பொறியியல் படிக்கிற நான் பாதியை மட்டும் சோதித்துவிட்டு 100% என்று எழுதியிருக்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்ல வேண்டும். இந்த வகை போர்டில் ரேமுக்கு நான்கு ஸ்லாட், அவை ஏ, பி என்று இரண்டு சேனலாகப் பிரிந்திருக்கும். ரேமை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி போர்டில் இல்லை, பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்4 வகை பிராசசரின் அடியில் 1331 பின்கள் இருக்கின்றன, மயிரிழை போல. அதில் ஒன்று வளைந்தாலே ஒரு சேனல் முழுவதும் செத்துப் போகலாம், மற்றபடி கணினி ஒழுங்காக ஓடும். அதனால்தான் ஒரு ரேமை வைத்துச் சோதித்தால் இந்தக் கோளாறு கண்ணில் படாமல் போய்விடும்.

மறுநாள் காலையில் மன்னிப்போடு ஆரம்பித்தேன். "அண்ணே, நேற்று அவசரப்பட்டு பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. என்ன ஆச்சுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்." உடனே போன் வந்தது. அவர் கத்தவில்லை. பெட்டி வந்தபோது கேசிங்கும் பவர் சப்ளையும் இன்னும் வரவில்லையாம், சம்பளம் வந்ததும் ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறார். 15-ஆம் நாள்தான் என் பெட்டியையே பிரித்தாராம். யோசித்துப் பார்த்தால், தாமதம் என்று நான் குதித்தேனே தவிர, இத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. நம் ஊர் விற்பனைக் குழுக்களில் "பெர்சனல் வாரண்டி 7 நாள்" என்று போடுவார்களே, அந்த ஒரு வரி என் விளம்பரத்தில் இல்லை.

முதலில் நான் கேட்டது சீரியல் எண் படம். இதைச் சந்தேகமாகக் கேட்கக் கூடாது, "நான் அனுப்பினதுதானான்னு ரெண்டு பேருக்கும் தெளிவா இருக்கட்டும்" என்று கேட்டால் நேர்மையானவர் யாரும் கோபப்பட மாட்டார். நல்ல பொருளை வைத்துக்கொண்டு தங்களிடம் இருந்த கெட்ட பொருளைத் திருப்பி அனுப்புகிற ஆட்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். போர்டின் ஸ்டிக்கரையும் பிராசசரின் முகத்தில் பொறித்த எண்ணையும் அனுப்புவதற்கு முன்பு படம் எடுத்து வைத்திருந்தேன். எண்கள் பொருந்தின.

அடுத்தது சோதனை. இதில் வரிசை முக்கியம். நிறைய பேர் முதலிலேயே "பிராசசரைக் கழற்றிப் பாருங்க" என்பார்கள். கழற்றும்போதுதான் புதுச் சேதம் வரும், அப்புறம் எது பழையது எது புதியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ரேமிலிருந்து ஆரம்பித்தோம். முதல் ரேமை ஏ சேனலில் மட்டும் போட்டார், கணினி எழுந்தது. அதே ரேமை பி சேனலில் போட்டார், திரை கறுப்பு. இரண்டாவது ரேமை ஏ சேனலில் போட்டார், எழுந்தது. அப்படியென்றால் இரண்டு ரேமும் நல்லது, கோளாறு பி சேனலில். ஸ்லாட்டில் தூசியை ஊதிப் பார்த்தார், குளிர்விப்பானின் நான்கு திருகுகளையும் தளர்த்தி மூலைக்கு மூலை சமமாக மறுபடி இறுக்கிப் பார்த்தார். மாற்றம் இல்லை.

அதற்குப் பிறகுதான் கழற்றச் சொன்னேன். ஏஎம்4-இல் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசை மாதிரி பிடித்துக்கொண்டு, குளிர்விப்பானை நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் நாசம். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, பிறகு குளிர்விப்பானை இடமும் வலமும் மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டும். வீடியோ காலில் நான் பார்த்துக்கொண்டிருக்க அவர் அப்படியே செய்தார். அவர் மகன்தான் டார்ச் பிடித்தான்.

ஒரு மூலையில், ஓரத்திலிருந்து இரண்டாவது வரிசையில் ஒரு பின் சாய்ந்திருந்தது.

என் பழைய படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். மூன்று மூலைகள் பளிச்சென்று தெரிந்தன. நான்காவது மூலையில் மேசை விளக்கின் வெளிச்சம் அடித்து வெள்ளையாகப் போயிருந்தது. வளைந்த பின் அந்த மூலையில். நான் போர்டிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்தபோது வளைந்ததா, கொரியரில் வளைந்ததா, அவர் பொருத்தியபோது வளைந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மூலை மூலையாக நான்கு படம் எடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தைப்பிங்கில் ஒரு கடையில் பின்னை நிமிர்த்தினார்கள். ஈயம் எடுத்த 0.5 பென்சில் முனையில் பின்னை நுழைத்து மெல்ல நிமிர்த்துவது வழக்கமான முறை. நிமிர்ந்தது, ஆனால் பி சேனல் உயிர் பெறவில்லை. வேறொரு பிராசசரைப் போட்டுப் பார்த்தார்கள், இரண்டு சேனலும் வந்தன. ஆக போர்டு நல்லது, பிராசசர்தான் போய்விட்டது.

இனி காசு. இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தொழிலாக விற்பவருக்குத்தான். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை வழக்குப் போடலாம், ஆனால் எதிரில் இருப்பவர் வியாபாரியாக இருக்க வேண்டும். தன் பழைய பொருளை ஒருமுறை விற்கிற மாணவன் வியாபாரி ஆகமாட்டான். (மாதா மாதம் வாங்கி லாபம் வைத்து விற்கிறீர்கள் என்றால் "நான் சும்மா மாணவன்" என்ற பேச்சு எடுபடாது, கவனம்.) ஆனால் 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம் தனி ஆளையும் விடவில்லை. ஒரு பொருளை இப்படிப்பட்டது என்று வர்ணித்து விற்றால், பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். அதே சட்டம் வாங்கியவருக்கும் ஒரு கடமை வைக்கிறது: நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். நியாயமான காலம் எத்தனை நாள் என்று எண் போடவில்லை, சூழ்நிலையைப் பொறுத்தது.

படித்து முடித்தபோது எனக்குத் தப்பிக்கவும் வழி தெரிந்தது, மாட்டிக்கொள்ளவும் வழி தெரிந்தது. 17 நாள் என்று சொல்லி வாதாடியிருக்கலாம். என் அறைத் தோழன் அதைத்தான் சொன்னான்: "பிளாக் பண்ணு லா, தைப்பிங்கிலேர்ந்து யாரு வரப் போறா?" யாரும் வரமாட்டார்கள்தான். ஆனால் "100% டெஸ்ட்" என்று எழுதியது நான், பாதி டெஸ்ட் பண்ணியதும் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணனிடம் அதைச் சொன்னேன். ஒரு ரேமில்தான் சோதித்தேன், அந்த மூலையின் படம் என்னிடம் இல்லை, என் கையில் வளைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் வந்த அன்னிக்கே பிரிச்சுப் பார்த்திருக்கணும் தம்பி. பொருத்தும்போது முதல் தடவை சரியா உட்காரல, கொஞ்சம் அழுத்தினேன்" என்றார்.

அதே மாதிரி பழைய பிராசசர் இன்னொன்று 220 வெள்ளிக்குக் கிடைத்தது. ஆளுக்குப் பாதி, 110 வெள்ளி. அவர் முழுப் பணமும் கேட்கவில்லை, நானும் முடியாது என்று சொல்லவில்லை. பேசி முடித்ததை அப்படியே புலனத்தில் எழுதி, "இத்துடன் இந்த விற்பனை விஷயம் முடிந்தது" என்று இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே காசை அனுப்பினேன். நல்லவரோடு பேசினாலும் இதை எழுத்தில் வைப்பது நல்லது, பிற்பாடு ஞாபகம் மாறும்.

அந்த 110 வெள்ளிக்கு அந்த மாதம் நான் நிறைய மெகி சாப்பிட்டேன்.

போன வாரம் என் பழைய கிராபிக்ஸ் கார்டை விற்கப் போட்டேன். விளம்பரத்தில் இப்படி எழுதினேன்: "ஒரு மணி நேரம் கேம் ஓட்டிச் சோதித்தேன். எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்பிளேபோர்ட் இரண்டு சோதித்தேன். மூன்றாவது டிஸ்பிளேபோர்ட் சோதிக்கவில்லை, அந்தக் கேபிள் போகும் இடத்தில் தூசி அடைத்திருக்கிறது. கைக்குக் கிடைத்த 7 நாளுக்குள் சொல்லுங்கள், பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்." இரண்டு பேர் 50 வெள்ளி குறைத்துக் கேட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை, "தம்பி, அந்த மூணாவது போர்ட் எனக்கு வேணாம், நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்றார்.